மண்புழுவும் காட்டுக்கோழி இறகும்

எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போன சொத்து ஒரு தகர டப்பா. துரை குடித்துத் தீர்த்த சிகரெட் டப்பா. அதுக்குள்ள பதினொரு பொய்யிரைகள் இருக்கு. சுழல்தகடு நாலு, கரண்டித் தகடு மூணு, இறகு கட்டின ஈ நாலு. எல்லாம் துரையுடையதுதான். கல்லிடுக்கில் மாட்டி, நரம்பு அறுந்து, போனது போகட்டும் என்று அவர் விட்டுட்டுப் போனவை. தண்ணி வற்றினதும் அப்பா போய்த் தேடி எடுத்துக்கிட்டு வந்தார். வேற சொத்து கிடையாது. இருந்த லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம்.

டிரவுட் மீன் பிடிக்கிற பொழுதுபோக்கைப் பற்றி நம்ம பத்திரிகையில் எதுக்குக் கட்டுரை என்று தோழர்கள் கேட்கலாம். பொழுது போனது துரைக்குத்தான். எங்கப்பாவுக்கு அது வேலை.

டிரவுட் நம்ம மண்ணு மீன் இல்லை. குளிர்ந்த தண்ணியில் மட்டும் வாழும். இங்கிலாந்தில் பிடித்த மாதிரியே நீலகிரியிலும் பிடிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர்களுக்கு ஆசை. 1860களிலேயே கொண்டுவந்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1900க்குப் பிறகுதான் எச்.சி. வில்சன் என்பவர் வானவில் டிரவுட்டை மலை ஓடைகளில் நிலைக்க வைத்தார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வந்தது. அந்தக் காலத்தில்தான் எங்க தாத்தாவும் சேலம் பக்கமிருந்து கங்காணி பின்னால் மலையேறினார். மீனைக் கொண்டுவந்தவர் பேர் புத்தகத்தில் இருக்கு. ஆளைக் கொண்டுவந்த கங்காணி பேர்கூட எங்க வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் கவாத்து வேலை. ஞாயித்துக்கிழமை ஆனால் துரைக்குப் பை தூக்க வேண்டும். நான் சொல்கிற துரை வெள்ளைக்காரர் இல்லை. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த நம்ம நாட்டு மேனேஜர்தான். ஆனாலும் துரைதான். ராடு, ரீலு, வலை, சாப்பாட்டுக் கூடை எல்லாத்தையும் அப்பா சுமந்துக்கிட்டு ஓடைக்குப் போவார். தகடு எங்கேயாவது மாட்டினா இடுப்பளவு தண்ணியில் இறங்கி எடுக்கிறதும் அவர்தான். அந்தத் தண்ணியில் கால் வைத்தவர்களுக்குத்தான் தெரியும், எலும்புக்குள்ளே ஏறும் குளிர். கூலி கிடையாது. மத்தியானம் ஒரு பன்னு, சாயங்காலம் ஒரு ரூபாய்.

மீனோடு பங்களாவுக்குத் திரும்பினால் அடுத்த வேலை. அப்பா சமையல்கட்டுக்குள் போகக்கூடாது. பட்லர் விடமாட்டார். பின்பக்கக் குழாயடியில் குத்தவைத்து மீனைக் கிழித்துக் கழுவி, வாசப்படியில் வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். பட்லர் அதுமேல தண்ணி தெளித்து எடுத்துக்கிட்டுப் போவார். நாங்க தொட்ட மீன் தண்ணி பட்டதும் சுத்தமாகிவிடும். நாங்க ஆகமாட்டோம்.

அந்தக் குழாயடிதான் எங்கப்பாவுக்குப் பள்ளிக்கூடம். குடலைத் தூக்கி எறியறதுக்கு முன்னாடி இரைப்பையைப் பிதுக்கிப் பார்ப்பார். கறுப்பு வண்டு இருக்கும். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டின புழு இருக்கும். தும்பி குஞ்சு, வெட்டுக்கிளிக் கால், நண்டுத் துண்டு, சில நாள் சின்ன மீன். எந்த மாசம், எந்த வெயிலில், எந்த மடுவில் பிடித்த மீன் எதைத் தின்றிருந்தது என்று மனசில் எழுதி வைத்துக்கொள்வார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். துரைக்கு இங்கிலீஷ் புத்தகம் அலமாரி நிறைய இருந்தது. ஆனால் மீன் வயித்துக்குள்ள என்ன இருக்குதென்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது அவர் கை படக்கூடாத இடம்.

ரெண்டு மூணு வருஷத்தில் துரை எதைக் கட்டுவதென்றாலும் அப்பாவைக் கேட்க ஆரம்பித்தார். "இன்னிக்கு எதுடா?" என்று பெட்டியை நீட்டுவார்.

அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். "மொதல்ல பெட்டியத் தொறக்காத. தண்ணியப் பாரு" என்பார். தண்ணி தெளிஞ்சு, குறைஞ்சு, வெயில் அடிச்சா, இருக்கிறதிலேயே சின்ன தகடு, மங்கின நிறம். பெருசா பளபளன்னு போட்டா மீன் மிரண்டு ஓடிடும். மழை பெய்து தண்ணி கலங்கினா பித்தளை நிறத்தில் கொஞ்சம் பெருசு. கலங்கின தண்ணியில் மீன் கண்ணால மட்டும் தேடாது, உடம்பால தேடும், தகடு சுத்துற அதிர்வைக் கேட்டு வரும் என்பார். மீனுடைய விலாவில் ஓடும் பக்கக்கோடுதான் அதிர்வை உணரும் உறுப்பு என்று பிறகு நான் விலங்கியல் படிக்கையில் தெரிந்துகொண்டேன்.

மீன் எப்பவும் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். இரை மேலேயிருந்துதான் மிதந்து வரணும். அதனால் குறுக்கே, கொஞ்சம் மேலே வீசி இழுக்கணும். தகடு சுத்துற அளவுக்கு வேகம் போதும். குளிர் கூடின காலையில் இன்னும் மெதுவாக. ஆழமான மடுவுக்குக் கரண்டித் தகடு, அது சீக்கிரம் அடிக்குப் போகும். சாயங்காலம் மீன் மேலே வந்து வாயால் வட்டம் போட்டா தகட்டைக் கழட்டிவிட்டு இறகு ஈ.

அந்த ஈயில் ஒன்றின் தோளில் மெழுகு தடவின மாதிரி மஞ்சள் பொட்டு வைத்த இறகு இருக்கும். அது எங்க மலைக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து அந்த இறகு மூட்டை மூட்டையாகச் சீமைக்குப் போனது. அங்கே தூண்டிலில் கட்டி, பேர் வைத்து, விலை போட்டு, திரும்ப எங்க ஊர் துரை பெட்டிக்கே வந்து சேர்ந்தது. காட்டுக்கோழியை இப்போது வேட்டையாட முடியாது, சட்டம் இருக்கு.

இந்தத் தூண்டில்காரர்களுக்குள்ளும் ஓர் அடுக்கு இருக்கு. தண்ணிக்கு மேலே மிதக்கிற ஈயில் பிடிப்பதுதான் உத்தமம் என்று இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு என்பவர் 1886இல் புத்தகம் போட்டார். தண்ணிக்குள் முங்குகிற ஈயும் தப்பில்லை என்று ஸ்கூஸ் என்பவர் 1910இல் எழுதினார். சண்டை தீரவில்லை. 1938இல் லண்டனில் கூட்டம் போட்டு இதை விவாதித்தார்கள். மிதக்கிற ஈ உசத்தி, முங்குகிற ஈ அதுக்குக் கீழே, தகடு இன்னும் கீழே. மண்புழு ஊருக்கு வெளியே. மண்ணைத் தோண்டி, கையால் பிசைந்து கோக்கிற இரையாச்சே! இதைப் படித்தபோது எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

1974 மழைக்காலம். எனக்குப் பன்னிரண்டு வயசு. கடைசித் தங்கச்சி பிறந்து பதினோரு நாள். அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. மீன் சாறு வைத்துக் குடு என்று ஆயா சொன்னது. சந்தையில் மீன் வாங்கக் காசில்லை. அப்பா ராத்திரி குப்பைமேட்டில் மண்புழு தோண்டி, மூங்கில் குச்சியில் நரம்பு கட்டி, கலங்கின ஓடையில் ரெண்டு டிரவுட் பிடித்து வந்தார். எங்க வீட்டில் அந்த மீன் வெந்தது அந்த ஒரே தடவைதான்.

வாட்ச்மேன் சொல்லிக்கொடுத்துவிட்டான். காலையில் ஆபீஸ் வாசலில் எல்லோரும் பார்க்க அப்பாவை நிறுத்தினார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். துரைக்குத் திருட்டு பெரிசாகப் படவில்லை. "மண்புழுவுலயாடா புடிச்ச? இத்தன வருஷம் என்கூட வந்தும் ஒம் புத்தி போவல பாத்தியா" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கே போகாத புத்தி என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பதினைந்து நாள் கூலியைப் பிடித்தார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மண்புழு கூடாது என்கிற விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. புழுவை மீன் ஆழமாக விழுங்கும். முள் குடலில் தைக்கும். திரும்பத் தண்ணியில் விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. பொய்யிரை பெரும்பாலும் உதட்டில்தான் தைக்கும், அதிலும் முள்ளின் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் காயம் கொஞ்சம்தான். பிடித்து விடுகிறவனுக்கு அது சரியான விதி. ஆனால் எங்க துரை ஒரு மீனையும் திரும்ப விட்டதில்லை. எல்லாம் பங்களா எண்ணெய்ச் சட்டிக்குத்தான் போயின. அவருடைய தகட்டில் செத்த மீனும் எங்கப்பாவுடைய புழுவில் செத்த மீனும் ஒரே சாவுதான் செத்தன.

அடுத்த ஞாயிறும் ஆள் அனுப்பினார்கள். அப்பா போனார். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. பல வருஷம் அதுக்காக அவரோடு சரியாகப் பேசாமல் இருந்தேன். யூனியன், இயக்கம் என்று அலைந்த வயசில் "நீ அன்னிக்குப் போயிருக்கக் கூடாது" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

1998இல், சாவதற்கு முந்தின வருஷம், வெயிலில் உட்கார்ந்து இந்த டப்பாவைத் துடைத்துக்கொண்டே அவராகச் சொன்னார். மழை விட்டு ஓடை கண்ணாடி மாதிரி தெளிந்திருந்த மாசம். துரை கோயமுத்தூரிலிருந்து சிநேகிதர்களைக் கூட்டி வந்திருந்தார். பெட்டியை நீட்டி "எதுடா?" என்று கேட்டார். அப்பா இருக்கிறதிலேயே பெரிய பித்தளைத் தகட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் வீச்சிலேயே மடுவில் இருந்த மீன் அத்தனையும் சிதறி ஓடின. அடுத்து இன்னொரு பெரிய தகடு. சாயங்காலம் மீன் மேலே வந்து வட்டம் போட்டபோது கரண்டித் தகடு. இப்படியே மூணு ஞாயிறு.

"தொரை என்ன சொன்னாரு?" என்றேன்.

"என்னடா ஆச்சுன்னு கேட்டாரு. மீனுக்கு மனசு மாறிடுச்சு தொரைன்னேன்."

சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். இருமல் வந்து நிறுத்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்துநாலு வருஷம் அவரைத் தப்பாகப் படித்திருந்தேன்.

காலேஜ் ஹாஸ்டலுக்கு நான் கிளம்பின அன்று அவர் சொன்னதும் அப்புறம்தான் புரிந்தது. "நொண்டாம நடடா. நொண்டுற மீனத்தான் பெருசு பாத்து வெச்சிருக்கும்." பின்லாந்தில் லவுரி ராப்பலா என்ற ஏழை மீன்பிடிக்காரர் இதையேதான் கண்டுபிடித்தார். கூட்டத்தில் நேராக நீந்தாமல் லேசாகத் தள்ளாடுகிற குஞ்சைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்று படகிலிருந்து கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றின ஈயத்தாளை ஒட்டி, தள்ளாடி நீந்துகிற ஒரு பொய்மீன் செய்தார். அவர் பேரில் இன்று உலகம் முழுக்கக் கம்பெனி இருக்கு. எங்கப்பாவும் அதைக் கவனித்தவர்தான். அவரிடம் இருந்தது இந்த டப்பா.

துரை பங்களாவில் தடித்த நோட்டு ஒன்று இருந்தது. தேதி, வானம், தண்ணி, எந்த இரை, எத்தனை மீன், என்ன எடை என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். ஒருமுறை அலமாரி தூசி தட்டப் போனபோது பார்த்திருக்கிறேன். இரையைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற கட்டம் அதில் இல்லை. அது எங்கப்பா. அந்த மூணு ஞாயிறும் அவர்தான்.