வலக்கை விழுந்த பிறகு

ஜூன் 3
பக்கவாதம் தூக்கத்தில் வந்தால் எந்த நேரத்தில் வந்தது என்று தெரியாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. 61 வயதுத் தையல்காரர் இரவு 10 மணிக்குப் படுத்தார். காலை 6 மணிக்கு வாய் கோணியிருந்தது, வலக்கையும் காலும் விழுந்திருந்தன. ஊசி போடப்படவில்லை. அடைப்பு மூளையின் இடப்பக்கம். வலப்பக்க உடலை ஆள்வது அதுதான். பெரும்பாலோருக்குப் பேச்சும் அங்கேதான்.

ஜூன் 5
விழுங்கும் சோதனை. கெட்டிக் கஞ்சியைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. தொண்டை மூடுவதற்குள் ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நிமோனியா அப்படித்தான் வருகிறது. மூக்கு வழியாகக் குழாய்.

ஜூன் 8
நாள் முழுதும் தூக்கம்.

ஜூன் 22
வீடு. சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். தோள் தசை தளர்ந்திருப்பதால் கையின் எடையே மூட்டை இறக்கிவிடும். பார்க்க வருபவர்கள் பாசத்தில் அந்தக் கையையே பிடித்துத் தூக்கப் பார்க்கிறார்கள். கூடவே கூடாது.

ஜூலை 6
எது கேட்டாலும் “இல்ல” என்ற ஒரே சொல். காபி வேண்டும் என்பதற்கும் அதுதான். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா ஆராய்ந்த நோயாளிக்கு “டான்” என்ற ஓசைதான் மிஞ்சியிருந்தது. இறந்தபின் பார்த்ததில் பழுது மூளையின் இடது முன்பகுதியில். பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது, இங்கும் புரிகிறது. வருபவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, காது கேளாதவரிடம்போல் உரக்கப் பேசுகிறார்கள்.

மாலையில் “ஒண்ணு, ரெண்டு” என்று எடுத்துக்கொடுத்ததும் பத்துவரை தானே எண்ணினார். ஊறிப்போன வரிசையும் பாட்டும் இப்படி வந்துவிடும். நினைத்த சொல்தான் வராது. பாஸ்டனில் 1970-களில் சொற்களுக்கு மெட்டுப் போட்டுப் பேச்சை மீட்கும் பயிற்சி இந்த அடிப்படையில்தான் உருவானது.

ஜூலை 7
எண்ணச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 25
அழுகை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சோகமே இல்லாமல் அழவைக்கும் மூளைப் பழுதும் உண்டு. எப்போதெல்லாம் அழுகிறார் என்று குறித்துவைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். பெரும்பாலும் ஒரே சமயத்தில்: அவர் தேடிக்கொண்டிருக்கும் சொல்லை வேறொருவர் முந்திக்கொண்டு சொல்லும்போது. மாத்திரை தொடங்கியது.

ஆகஸ்ட் 18
காலில் வலு வருகிறது. ஊன்றுகோலுடன் திண்ணைவரை. கையோ தளர்ச்சி போய் இறுகிவிட்டது. நகம் உள்ளங்கையில் பதிகிறது. விரல்களை நேராகப் பிரித்தால் வலி. மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் தாமே தளர்கின்றன, அப்போதுதான் நகம் வெட்ட முடிகிறது. நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையை வேலை செய்யவைக்கும் எட்வர்ட் டாபின் முறை பற்றிக் கேட்டபோது, மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தாமாக நிமிர வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். இன்னும் நிமிரவில்லை.

செப்டம்பர் 9
பக்கத்துத் தெருப் பெண் ஒருவர், விவரம் தெரியாமல், துணியும் அளவு ரவிக்கையும் கொண்டுவந்து மடியில் வைத்தார். பேசாமல் காத்து நின்றார். ரவிக்கையை இடக்கையால் வெகுநேரம் தடவிவிட்டு, “முப்பத்தி... நாலு” என்றார் தையல்காரர். அளவு சரி.

செப்டம்பர் 20
தையல் மெஷினை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு. “இல்ல” என்றார். வைத்துக்கொள்ளலாமா என்று மாற்றிக் கேட்டதற்கும் “இல்ல”. முடிவு எடுக்கப்படவில்லை.