துரையின் மகரகண்டி

தென்னேரி வீட்டில் தங்கை மகன் கணினி முன் உட்கார்ந்து ஒரு கவர்னரைக் கொல்லப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரேயானோ டி டோரஸ். 2013இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட்: பிளாக் ஃபிளாக்' விளையாட்டு. ஸ்பெயினுக்காகக் க்யூபாவை இருமுறை ஆண்ட அசல் ஆள். முதல் முறை 1708இல், மறுபடி 1713இல். விளையாட்டில் அவர் ரகசியச் சபைத் தலைவர். ஒரு துளி ரத்தம் கிடைத்தால் எவர் கண் வழியாகவும் பார்க்கும் கருவியைத் தேடி அலைகிறார்.

"எல்லாம் கப்ஸா" என்றேன்.

"தெரியும் மாமா."

அவன் வயதில் எனக்குத் தெரியவில்லை. கருடசேவையன்று பாட்டி வரதர் கழுத்தைக் காட்டி, கிளைவ் துரை போட்ட மகரகண்டி என்பாள். காய்ச்சலில் கிடந்தவன் பெருமாள் தீர்த்தம் குடித்துப் பிழைத்தானாம். துரையிடம் எனக்குப் பிரியம்கூட வந்தது. 1751 டிசம்பரில், பிரெஞ்சுப் படை புகுந்திருந்த காஞ்சிக் கோவிலை அவன் பீரங்கியால் அடித்ததை வங்கி வேலைக்கு வந்தபின்தான் படித்தேன். 1757இல் பிளாசிக்குப்பின் வங்காளத்தில் வாரிக்கொண்டதையும், அங்கே கவர்னரானதையும்.

விளையாட்டுக்காரர்கள் கவர்னரை வில்லனாக்கினார்கள். நாம் பக்தனாக்கினோம். கற்பனை என்ற அளவில் நம்முடையதுதான் மேல், உறுத்தலும் அங்கேதான். தோற்றவன் ஜெயித்தவனைத் தன் சாமிமுன் கைகட்டி நிறுத்துகிறான். அதில் மானம் இருக்கிறது. பீரங்கியை மறந்துவிடுகிற சௌகரியமும் இருக்கிறது.

போன வைகாசியில் பையன் அந்தக் கண்டியைப் பற்றிக் கேட்டான். பாட்டி சொன்னபடியே சொன்னேன். பீரங்கி தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

"இது கப்ஸா இல்லையே மாமா?" என்றான்.