நாற்றங்கால் பச்சை

உங்களுக்கு ஏதாவது பைத்தியம் உண்டா? வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிலருக்குத் தபால் தலை; சிலருக்கு வெற்றிலைப் பெட்டி. எனக்கு மோட்டார் கார். பயந்துவிடாதீர்கள்! நீடாமங்கலத்தில் என் வீட்டு அலமாரிக்குள் 32 பழைய அமெரிக்கக் கார்கள் நிற்கின்றன. எல்லாம் பொம்மை வண்டிகள்தான். ஆனால் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நிஜ வண்டியை 24-ல் ஒரு பங்காகவோ 43-ல் ஒரு பங்காகவோ குறுக்கி, கதவுக் கைப்பிடி முதல் பம்பர் வரை கணக்குத் தப்பாமல் செய்தவை.

அதென்ன 43 என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் ரயில்! இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து ஹார்ன்பி என்பவர் விளையாட்டு ரயில் செய்து விற்றார். நிஜத்தில் ஓர் அடி என்றால் ரயிலில் ஏழு மில்லிமீட்டர், அதுதான் கணக்கு. 1930-களில், அந்த ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கச் சின்னக் கார்களும் செய்தார்கள். அவைதான் பிறகு 'டிங்கி' என்று உலகமெல்லாம் பெயர் வாங்கின. ரயிலுக்குப் பக்கத்தில் நிற்பதற்கென்றே பிறந்த கார்! ரயில்வே கேட்டில் காத்து நின்றே பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதுமையல்ல.

கடையில் வாங்கிய வர்ணத்தோடு வண்டியை விட்டுவைக்க எனக்கு மனம் வராது. அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி, கண்ணாடியையும் சக்கரத்தையும் தனியே எடுத்து வைத்து, பழைய வர்ணத்தை மருந்து போட்டு உரித்து, ப்ரைமர் பூசி, நீர்க்கக் கரைத்த புது வர்ணத்தை நாலைந்து தடவை தெளித்து, நடுநடுவே தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு மாதம் ஆகும். "இந்தச் சிரத்தையை ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பதில் காட்டக் கூடாதா?" என்பாள் என் மனைவி. நியாயமான கேள்விதான்.

32-வது வண்டியில்தான் சோதனை வந்தது. அது 1950-ஆம் வருஷத்துச் செவர்லே. பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் 1928 முதல் 1954 வரை பாகங்களை இறக்குமதி செய்து, பூட்டி விற்றார்களே, அந்த வண்டிகளில் ஒன்றைப் பக்கத்துக் கிராமத்து மிராசுதார் வாங்கியிருந்தார். அதற்கு டிரைவர் என் அப்பா. வண்டி எப்போதோ கைமாறிப் போயிற்று. மிஞ்சியது ஒரு போட்டோ. மிராசுதார் குடும்பம் முன்னே நிற்கிறது. வண்டி பின்னே நிற்கிறது. அப்பாவின் தோளும் ஒரு கையும் மட்டும் ஓரத்தில் தெரிகின்றன. கறுப்பு வெள்ளைப் படம்.

"என்ன வர்ணம், அப்பா?"

92 வயது அப்பா யோசிக்கவே இல்லை. "குறுவை நாத்தங்கால் பச்சைடா. பதினைஞ்சு நாள் நாத்து."

பெயிண்டுக் கடை வர்ண அட்டையோடு போய் நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்தேன். "விவசாய ஆபீஸா, ஸார்? யூரியா போடலாமா?" என்றார் ஒருவர். இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு உரம் போடும் முறைதான் இங்கே தெரிந்த விஷயமாயிற்றே! "இல்லீங்க, இது காருக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அச்சாக அதே பச்சையைப் பூசிக் காட்டினேன். அப்பா உதட்டைப் பிதுக்கினார். "இது நம்ம வண்டி இல்லேடா. இருட்டிக் கிடக்கு."

எனக்கு ரோஷம் வந்தது. பிறகுதான் உறைத்தது. பெரிய வண்டியின் வர்ணத்தை அப்படியே எட்டங்குல வண்டிக்குப் பூசினால் கறுத்துத் தோன்றும். மனசு அதைத் தூரத்தில் நிற்கும் நிஜ வண்டியாகவே எண்ணுகிறது. தூரத்து வர்ணமோ சற்று வெளிறியே தெரியும். ஆகவே துளி வெள்ளை கலக்க வேண்டும். நான் படித்து மறந்த பாடத்தை அப்பா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

உரித்தேன், வெள்ளை கலந்தேன், மறுபடி பூசினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். தோளிலிருந்த துண்டால் பானெட்டைத் துடைத்தார். பின்கதவைத் திறந்து மூடினார். "இதிலே நான் பின்னாலே உட்கார்ந்ததே இல்லேடா" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அலமாரியில் பக்கவாட்டில் நான் வைத்த வண்டியை எடுத்து, அதன் முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். "எப்பவும் வெளியே பார்த்துத்தான் நிறுத்தணும். ஐயா எப்பக் கூப்பிடுவாரோ!"

இப்போது 32 வண்டிகளும் வாசலைப் பார்த்தே நிற்கின்றன. வந்தால் பாருங்கள். பொம்மை என்று மட்டும் அப்பா காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.