கேளிக்கைப் பூங்காவில் ஒரு நேரச் சாப்பாடு

கோடை விடுமுறை நெருங்கும்போது வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களுடன் தொலைபேசியில் பேசினால் ஒரு விடயம் தவறாமல் வந்துவிடும். இவ்வருடம் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதே அது. பாரிஸில் இருப்பவர்கள் டிஸ்னிலாந்து என்பார்கள். லண்டனில் இருப்பவர்கள் வின்ட்சரில் உள்ள லெகோலாந்து என்பார்கள். ரொறொன்ரோவாசிகளில் சற்று வசதி படைத்தவர்கள் புளோரிடாவரை போய்வருவதற்குத் திட்டமிடுவார்கள். நுழைவுச்சீட்டின் விலை, தங்குமிடம், எந்த விளையாட்டுக்கு முதலில் வரிசையில் நிற்பது என்றெல்லாம் விரிவாக ஆராய்வார்கள். ஆனால், மதியம் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டால், "அங்கை ஏதாவது இருக்கும்தானே" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதிலாக இருக்கும்.

இருக்கும் என்பது உண்மையே. ஆனால், எந்த நேரத்தில், என்ன விலையில், எவ்வளவு நேரம் காத்து நின்ற பிறகு, பிள்ளை உண்ணக்கூடிய எது இருக்கும் என்பதே கேள்வி. சுற்றிவர மதில் கட்டிய ஓர் இடத்திற்குள் நுழைந்த பின்னர் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்வர முடியாது. பூங்காவினுள் பசிக்கும் குடும்பம் பூங்கா விற்பதையே, பூங்கா சொல்லும் விலைக்கே வாங்கவேண்டும். அந்த ஒரு நாளில் நமது பிள்ளையின் பசியைத் தீர்மானிப்பது பூங்காவா அல்லது குடும்பமா என்பதை வீட்டிலிருந்து புறப்பட முன்னரே முடிவு செய்துகொள்ளவேண்டும் என்பதே நான் இங்கு சொல்ல விழைவது.

விந்தை என்னவென்றால், கேளிக்கைப் பூங்காக்களின் வரலாற்றில் உணவு முன்வாசலால் வந்த விருந்தாளி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் புவெனா பார்க் என்ற ஊரில் வோல்டர் நொட் என்பவர் பழத்தோட்டம் ஒன்றை வைத்திருந்தார். பெரும் பொருளாதார மந்தநிலை அமெரிக்காவை வாட்டிக்கொண்டிருந்த 1934 ஆம் ஆண்டில் அவரது மனைவி கோர்டீலியா கோழிப் பொரியலுடன் கூடிய இரவுணவை ஒருவருக்கு 65 சதம் வீதம் விற்கத் தொடங்கினார். முதல்நாள் அவர் பரிமாறியது எட்டே எட்டுப் பேருக்குத்தான். அதுவும் தனது திருமணப் பீங்கான் கோப்பைகளில். சுவை பரவியது. வரிசை நீண்டது. சில வருடங்களில் அந்தச் சாப்பாட்டுக்காக மக்கள் மணிக்கணக்கில் காத்து நிற்க வேண்டியதாயிற்று. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகவேண்டும் என்பதற்காக நொட் 1940 ஆம் ஆண்டில் பழைய மேற்கத்திய சிற்றூர் ஒன்றின் மாதிரியை அங்கு அமைக்க ஆரம்பித்தார். அதுவே பின்னர் 'நொட்ஸ் பெரி பார்ம்' என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்தது. சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்களுக்காக விளையாட்டு வந்தது. இன்றோ விளையாட்டுக்குப் போனவர்கள் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அதே கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17 ஆம் திகதி வோல்ட் டிஸ்னி தனது முதலாவது பூங்காவைத் திறந்தார். போலி நுழைவுச்சீட்டுகளுடன் வந்தவர்கள் உட்பட, எதிர்பார்த்ததைவிட மிகக் கூடுதலான சனம் திரண்டதால் அன்று உணவும் பானங்களும் தீர்ந்துபோயின. குழாய் பொருத்தும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் காரணமாக, திறப்பு நாளுக்கு முன்னர் குடிநீர்க் குழாய்களா மலசலகூடங்களா என்று ஒன்றைத் தெரிவு செய்யவேண்டிய நிலை டிஸ்னிக்கு ஏற்பட்டது. அவர் மலசலகூடங்களைத் தெரிவு செய்தார். கடும் வெயிலில் தாகத்துடன் அலைந்தவர்களோ, மென்பானம் விற்பதற்காகவே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று குற்றஞ்சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதல்ல. ஆயினும், மதிலுக்குள் அகப்பட்டவரின் தாகத்தில் யாரோ இலாபம் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் அன்று தொடங்கியது, இன்றும் தீரவில்லை.

37 வருடங்களுக்குப் பிறகு அதே நிறுவனம் ஐரோப்பாவுக்கு வந்தபோது வேறொரு பாடத்தைக் கற்றது. பாரிஸ் நகரிலிருந்து கிழக்கே சுமார் 32 கிலோமீற்றர் தொலைவில் 1992 ஏப்ரல் 12 ஆம் திகதி 'யூரோ டிஸ்னி' திறக்கப்பட்டது. ஐரோப்பியர்கள் காலையுணவை முக்கியமாகக் கருதுவதில்லை என்று யாரோ சொன்னதை நம்பி, விடுதிகளின் உணவகங்களைச் சிறிதாக அமைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் காலையுணவு கேட்டார்கள். 350 ஆசனங்கள் கொண்ட உணவகத்தில் 2,500 பேருக்குப் பரிமாற வேண்டியிருந்ததாக அக்காலத்தில் பேசப்பட்டது. அமெரிக்கர்கள் நாள் முழுவதும் நடந்துகொண்டே எதையாவது கொறிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களோ நண்பகல் பன்னிரண்டரை மணியானால் மேசையில் அமர்ந்து சாப்பிடவேண்டும் என்பவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்ததால் உணவகங்கள் திணறின. பூங்காவினுள் மதுபானத்துக்கு விதித்திருந்த தடையையும், வைன் இல்லாத மதிய உணவை ஏற்காத மக்களின் எதிர்ப்பினால், 1993 இல் கைவிட நேர்ந்தது. பல கோடி டொலர் முதலிட்ட ஒரு நிறுவனம்கூட ஒரு மக்கள் கூட்டத்தின் சாப்பாட்டு வழக்கத்தை மாற்றமுடியாமல் இறங்கிவந்தது.

2008 ஆம் ஆண்டு கோடையில் மகனின் குடும்பத்துடன் பாரிஸில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது நானும் அந்தப் பூங்காவுக்குப் போயிருந்தேன். பேரப்பிள்ளைகளுக்கு அப்போது எட்டும் நான்கும் வயது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை மருமகள் லாச்சப்பலுக்குப் போய்த் தேவையான சாமான்களை வாங்கிவந்து, இரவு வெகுநேரம்வரை அடுப்படியில் நின்றார். றோல்ஸ், அவித்த முட்டை, சீனிச்சம்பல் பூசிய பாண் துண்டுகள், தோடம்பழம், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் தயாராயின. "அங்கை கடை இருக்குந்தானே பிள்ளை, ஏன் இவ்வளவு கஷ்டப்படுறாய்?" என்று கேட்டேன். "மாமா, பிள்ளையளுக்குப் பசி வந்த பிறகு சாப்பாடு தேடக்கூடாது. பசி வரமுன்னம் குடுத்துப்போட வேணும்" என்றார். அவர் அந்நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்பவர். மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பாடு கொடுப்பதன் அருமை அவருக்குத் தெரியும்.

சத்தலே நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். ரயிலில் ஏறினால் சுமார் 40 நிமிடங்களில் பூங்காவின் வாசலிலேயே இறங்கலாம். பத்தரை மணியளவில், உள்ளே போகமுன்னர், வெளியே இருந்த ஒரு வாங்கில் அமர்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். சின்னவன் "அப்பப்பா, மிக்கி எங்கை?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு றோல்ஸை முடித்துவிட்டான். பன்னிரண்டரை மணிக்கு உணவகங்களின் முன்னால் மனிதர்கள் பாம்புபோல வளைந்து நின்றபோது, அதுவரை நீண்டிருந்த விளையாட்டு வரிசைகள் சற்றுக் குறைந்தன. எங்கள் பிள்ளைகள் அந்த நேரத்தில் விளையாடினார்கள். மூன்று மணியளவில், உணவகங்கள் ஓய்ந்த பிறகு, உள்ளே போய் உருளைக்கிழங்குப் பொரியலும் ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுத்தோம். அதுவும் வேண்டும். வாங்கித் தின்னும் மகிழ்ச்சியைப் பிள்ளைக்கு மறுத்துவிட்டு வீட்டுச் சாப்பாட்டை மட்டும் திணிப்பதும் ஒருவகைக் கொடுமையே.

பக்கத்து மேசையில் ஓர் இளந்தந்தை தட்டுடன் வந்து சேர்ந்தபோது அவரது குழந்தை தாயின் தோளில் அழுது களைத்து உறங்கிப்போயிருந்தது. அந்தத் தாயும் தந்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர ஒன்றும் பேசவில்லை. ஒரு வருடம் சேமித்து வந்திருப்பார்கள். அந்தக் காட்சி என் மனதில் நெடுநாள் நின்றது.

கட்டிக்கொண்டு போகும் பழக்கம் எமக்குப் புதிதல்ல. தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பாடசாலைச் சுற்றுலா சென்ற எந்தத் தலைமுறையினரைக் கேட்டாலும் யானையின் நடனத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் மரநிழலில் பிரித்த சோற்றுப் பார்சலின் வாசனையைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆனால், எல்லாப் பூங்காக்களும் இதற்கு இடமளிப்பதில்லை என்பதே இன்றைய சிக்கல்.

அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்கள் வீட்டு உணவை அனுமதிக்கின்றன. மதுபானமும் கண்ணாடிப் போத்தல்களும்தான் ஆகாது. நெதர்லாந்தில் 1952 இல் திறக்கப்பட்ட எப்ரலிங் பூங்காவிலும் குடும்பங்கள் தம் பாண் பொதிகளுடன் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அங்கே வாயைத் திறந்து கடதாசிக் குப்பையை உறிஞ்சி விழுங்கும் குண்டு மனிதப் பொம்மைக்குத் தீனி போடுவதற்காகவே பிள்ளைகள் பொதிக் கடதாசிகளைத் தேடி ஓடுவார்கள். ரோக்கியோ டிஸ்னியிலோ வெளியுணவை உள்ளே கொண்டுசெல்ல முடியாது. வாசலுக்கு வெளியே அதற்கென ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சீனாவின் ஷங்காய் டிஸ்னியில் இருந்த அத்தகைய தடையை ஒரு சட்ட மாணவி நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். 2019 ஜனவரியில் அவரது பையைச் சோதித்து, உள்ளேயிருந்த சிற்றுண்டிகளைக் கொண்டுபோக விடாமல் தடுத்தார்கள். அவற்றின் விலை 46 யுவான் சொச்சம். இதே நிறுவனம் அமெரிக்காவில் அனுமதிப்பதைச் சீனாவில் மறுப்பது ஏன் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் வழக்கு இணக்கமாக முடிந்தது. மாணவிக்குக் கிடைத்த இழப்பீடு 50 யுவான். ஆனால், பூங்கா தனது விதியையே மாற்றிக்கொண்டது. சூடாக்கவேண்டியவை, கடும் மணம் வீசுபவை போன்றவற்றைத் தவிர, தாம் உண்பதற்கான உணவை மக்கள் கொண்டுசெல்லலாம் என்றானது. 50 யுவானுக்காக நடந்த வழக்கு என்று எள்ளி நகையாடுவோர் இருக்கலாம். நான் அவ்வாறு நினைக்கவில்லை. நான்கு பிள்ளைகளுள்ள, வருமானம் குறைந்த ஒரு குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டு மாத்திரமல்ல, உள்ளே வாங்கவேண்டிய சாப்பாடும் ஒரு மதில்தான்.

பயணத்துக்குத் தயாராகும் பெற்றோருக்கு என் அனுபவத்திலும் பிறரிடம் கேட்டறிந்ததிலும் இருந்து சிலவற்றைச் சொல்லலாம். முதலில், நுழைவுச்சீட்டு வாங்க முன்னரே உணவு பற்றிய விதியைப் பூங்காவின் இணையத்தளத்தில் வாசித்துவிடுங்கள். தடையுள்ள இடங்களிலும் குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கான உணவுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. நீரிழிவு நோயுள்ள பாட்டியை அழைத்துச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

பிள்ளையின் வயதையும் கவனியுங்கள். புளோரிடா டிஸ்னியில் 10 வயதானால் பெரியவருக்குரிய கட்டணம். பாரிஸில் அது 12. மேசையில் அமர்ந்து உண்ணும் உணவகங்களுக்குப் புளோரிடாவில் 60 நாட்களுக்கு முன்னரே பதிவு ஆரம்பமாகிவிடும். மிக்கி போன்ற வேடமணிந்தோர் மேசைக்கு வரும் விருந்துகள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. பிள்ளை மிக்கியைக் காணவே துடிக்கிறது என்றால் அந்த ஒருவேளைச் செலவு வீணல்ல. மற்ற வேளைகளில் சிக்கனமாக இருந்து ஈடுசெய்யலாம். சாதாரண விற்பனைக் கூடங்களில் 2017 முதல் கைத்தொலைபேசிச் செயலி மூலமே உணவைக் கேட்டுப் பெறும் வசதி வந்திருக்கிறது. அதே கூடங்களில் கேட்டால் ஒரு கோப்பைக் குளிர்நீரை இலவசமாகவே தருவார்கள். வெயிலில் அலையும் பிள்ளைக்கு இனிப்பு மென்பானத்தைவிட அதுவே மேல்.

மரக்கறி உண்பவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் இறைச்சியைத் தவிர்த்தால் போதும் என்று இருந்துவிடக்கூடாது. பிள்ளைகள் விரும்பும் ஜெலியிலும் மாஷ்மெலோவிலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்த ஜெலற்றின் இருப்பது வழக்கம். உருளைக்கிழங்குப் பொரியல் கோழி பொரித்த எண்ணெயிலேயே வெந்திருக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம், ஒவ்வாமையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் நாளாந்தம் கேட்பதால் பெரிய பூங்காக்களின் ஊழியர்கள் இதற்குப் பழகியவர்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். பதினொரு மணிக்கு முன்னர் ஒரு தடவை, மூன்று மணிக்குப் பின்னர் ஒரு தடவை என்று சாப்பாட்டை வகுத்துக்கொண்டால் நண்பகல் நெரிசல் உங்களைத் தீண்டாது. வயிறு நிறைய உண்ட உடனே தலைகீழாகச் சுழலும் விளையாட்டில் பிள்ளையை ஏற்றாதீர்கள். அரைமணி நேரம் மெதுவான படகோ பொம்மை நாடகமோ போதும். தாத்தா பாட்டியை அழைத்துச் செல்பவர்கள் அவர்களை நிழலில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு இருக்கச் சொல்லலாம். எங்களைப் போன்றவர்களுக்கு உருளும் ரயிலைவிட அதுவே உகந்த வேலை.

இந்த ஏற்பாட்டுச் சுமை முழுவதும் தாய்மாரின் தலையிலேயே விழுந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். முதல்நாள் இரவு அடுப்படியில் நிற்பவரும் அவரே. மறுநாள் வரிசையில் நிற்கும்போது பிள்ளையின் முகம் வாடுவதை முதலில் கவனிப்பவரும் அவரே. அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும் தந்தைமார், பூங்காவின் வரைபடத்தில் விளையாட்டுகளைக் குறிப்பதற்கு முன்னர் சாப்பாட்டுக்கான இடத்தையும் நேரத்தையும் குறித்து, றோல்ஸ் சுற்றுவதற்கும் ஒரு கை கொடுத்தால் அந்தத் தாய்க்கும் அது விடுமுறை நாளாக இருக்கும்.