கட்டெறும்புக்கு ஒரு கண்ணாடி வீடு

எறும்பைப் பற்றி நம்மவர்க்குப் பழமொழிகள் ஏராளம். ஊர்ந்து ஊர்ந்தே கல்லைத் தேய்த்துவிடும் என்பார்கள். அந்தக் கல்லுக்கு அடியில், இருட்டில், அது என்ன குடித்தனம் நடத்துகிறது என்று எட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? விலங்கியல் மாணவனான எனக்கு அந்த ஆசை வந்தது. மண்வெட்டியால் புற்றைப் பிளந்தால் பார்த்துவிடலாம்; ஆனால் அப்போது தெரிவது குடித்தனம் அன்று, கலவரம்! ஆகவே நானே ஒரு புற்றுக் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

இந்த ஆசை புதியதன்று. இங்கிலாந்தில் சர் ஜான் லப்பக் என்பவர் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண்ணைப் பரப்பி எறும்பு வளர்த்தார். தாம் கண்டவற்றை 1882-இல் நூலாக வெளியிட்டார். அவரிடம் இருந்த அரசி எறும்பு ஒன்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்ததாம். பிரான்சு நாட்டுச் சார்ல் ஜானே, மண்ணை விட்டுவிட்டுப் பிளாஸ்டரில் அறைகள் அமைத்தார். நம் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நாம் தினமும் காலில் மிதிக்கும் பெரிய கருங்கட்டெறும்புக்கு 1787-இல் அறிவியல் பெயர் சூட்டிய ஃபப்ரீசியஸ், தரங்கம்பாடியிலிருந்து போன எறும்பைக் கொண்டே அதைச் செய்தார். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்!

முதலில் அரசி வேண்டும். மழை விட்ட மாலைகளில் சிறகு முளைத்த எறும்புகள் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறப்பு முடிந்ததும் அரசி தன் சிறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு, மண்ணுக்குள் இடம் தேடி அலையும். வடலூரில் எங்கள் தெருக்கோடி முந்திரித் தோப்போரம், செம்மண்ணில் அப்படி அலைந்த ஒன்றைப் பிடித்தேன். சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, அப்புறம் அரசி, வாயிலும் பஞ்சு. குழாயைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். உணவு எதுவும் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை. இனிப் பறக்கப் போவதில்லையாதலால், சிறகை அசைத்த தசைகளே அவள் உடலுக்குள் கரைந்து பிள்ளைகளுக்கு உணவாகின்றன. இதைப் பாடமாகப் படிப்பது வேறு. ஒரு சோறு தண்ணீர் இல்லாமல் ஒருத்தி முட்டைகளை நக்கி நக்கிக் காப்பதைப் பார்ப்பது வேறு. நாற்பது நாள் அளவில் முதல் வேலைக்காரிகள் வெளிவந்தன. சாதாரணக் கட்டெறும்பில் பாதிகூட இல்லை. (எறும்பு வாயில் கவ்விப் போகும் வெள்ளை உருண்டையை 'முட்டை' என்கிறோமே, கட்டெறும்பில் அது பெரும்பாலும் கூட்டுப்புழுவின் கூடு. முட்டை கண்ணுக்குத் தெரிவதே அரிது.)

பிறகுதான் வீடு. கண்ணாடித் தகட்டின்மேல் களிமண்ணால் அறைகளையும் வழிகளையும் உருட்டி ஒட்டினேன். சுற்றிலும் மரச்சட்டம் வைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினேன். இறுகும்போது அது கையைச் சுடும். வேதியியல் வகுப்பில் கேட்டதை உள்ளங்கை ஒப்புக்கொண்டது. காய்ந்தபின் களிமண்ணைச் சுரண்டி எடுத்தால் பள்ளங்களே அறைகள். ஒரு ஓரத்தில் தண்ணீர்க் குழி. அந்தப் பக்கம் ஈரம், மறுபக்கம் உலர்வு. எது எங்கே இருக்க வேண்டும் என்பதை எறும்புகளே தீர்மானித்தன. வெளித்தொட்டியின் விளிம்பில், ஏறித் தப்பாதிருக்க, முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினேன். கண்ணாடிமேல் சிவப்புக் காகிதம். சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு இருட்டு மாதிரிதான் என்பது லப்பக் கண்டது.

சாப்பாட்டில்தான் சங்கடம் வந்தது. வேலைக்காரிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும். வளரும் புழுக்களுக்குப் புரதம் வேண்டும், அதாவது பூச்சி. கரப்பானை அடித்துப் போடு என்றார்கள் நண்பர்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் புலால் கிடையாது. தினமும் பச்சரிசி மாவில் கோலம் போடும் ஆயா கேட்டார்: "எறும்புக்குன்னுதானேடா மாவுல கோலம் போடுறேன், அது போதாதா?" பொட்டுக்கடலை மாவு வைத்துப் பார்த்தேன். தொட்டு முகர்ந்துவிட்டு, குப்பை போடும் மூலையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டன!

வெளியில் இருந்தால் அவையே பூச்சியைக் கொன்று தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அது அவற்றின் பசி. அவற்றுக்காக நான் கொல்வது என் வேடிக்கை. கடைசியில், வாசல் விளக்கின் கீழ்ச் செத்து விழும் விட்டில்களையும் ஈசல்களையும் விடியற்காலையில் பொறுக்கி வைக்கிறேன். விழாத நாளில் புழுக்கள் காத்திருக்கின்றன. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கிறது.

ஆயா அத்துடன் விடவில்லை. "அடைச்சு வச்சுச் சோறு போடுறது என்னடா தருமம்?" என்றார். பறந்து இறங்கும் அரசிகளில் பெரும்பாலானவை பல்லிக்கும் பறவைக்கும் இரையாகின்றன, நான் எடுத்திராவிட்டால் இதுவும் போயிருக்கும் என்று வாதாடினேன். "அது அதோட விதி. இது உன்னோட வினை" என்றார். மூன்று ஆண்டு விலங்கியலில் இதற்குப் பதில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் பெருகி வீடு நெருக்கடியானதும் தோப்பில் விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று எண்ணியபோது அறுபத்து மூன்று. அவற்றில் ஒன்று பெருந்தலைக் காவற்காரி. ஆயாவே கண்டுபிடித்துச் சொன்னது.

தைப்பூசத்துக்கு வடலூர் வரும் நண்பர்கள், ஞான சபையில் ஏழு திரை நீக்கி ஜோதி கண்டபின் எங்கள் வீட்டுக்கும் வரலாம். இங்கே ஒரே ஒரு சிவப்புத் திரைதான், விலக்கிக் காட்டுகிறேன். மேசையை மட்டும் தட்டாதீர்கள். அதிர்ச்சி பட்டால் புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடும். மறுபடி அடுக்கி வைக்க அவற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.