கவுண்டர் மேல் ஒரு முழத் தண்டவாளம்

2024 ஜனவரி பிறந்த கையோடு பிரிட்டனின் குட்டி ரயில் பிரியர்களுக்கு இரண்டு துக்கச் செய்திகள் வந்தன. லிவர்பூலில் 1946இல் தொடங்கி, பின்னாளில் விட்னஸுக்கு இடம் மாறிய ஹாட்டன்ஸ் என்ற குட்டி ரயில் கடை, தொழிலை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. பர்மிங்ஹாமில் நவம்பர்தோறும் நடந்துவந்த வார்லி கண்காட்சியும் நின்றது. 2023இல் நடந்ததுதான் கடைசி என்று அதை நடத்திய கிளப் சொல்லிவிட்டது. கிளப் உறுப்பினர்கள் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்து நடத்திய காரியம் அது. அவ்வளவு பெரிய பொறுப்பைத் தோளில் வாங்க அடுத்த ஆள் இல்லை.

ஹாட்டன்ஸ் திவாலாகவில்லை. இருந்த சரக்கை விற்று, கணக்கை நேராக முடித்துக்கொண்டு விலகினார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒரு கடை, இனிமேல் ஓடாது என்று தானே கூட்டிக் கழித்துப் பார்த்து நின்றுவிட்டது. எனக்கு அதிகம் உறைத்தது அதுதான்.

*

இன்டர்நெட் வந்தது, கடை போச்சு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு இங்கே உதைக்கிறது. ஹாட்டன்ஸே தபாலில் விற்று வளர்ந்த கடை. பிரிட்டனில் தயாரிப்பாளர் குறித்த விலைக்குக் கீழே கடைக்காரர் விற்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1964ஆம் வருடச் சட்டம் அந்தக் கட்டைத் தளர்த்தியது. அதற்குப் பிறகு யார் குறைத்து விற்கிறார்களோ அவர்களுக்கு நாடு முழுவதும் வாடிக்கை. ரயில் பத்திரிகைகளில் ஹாட்டன்ஸ் விளம்பரம் பக்கம் நிறையப் பொடி எழுத்தில் வரும். எஞ்சின் பெயர், விலை, எஞ்சின் பெயர், விலை. சின்னக் கடைக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது இன்டர்நெட்டுக்கு வெகு காலம் முன்பே.

சின்னக் கடையை நெருக்கிய பெரிய கடையும் சேர்ந்தே மூடுகிறது என்றால், விற்கும் வழி மட்டும் மாறவில்லை. விற்கிற பொருளே மாறிவிட்டது. சில மாதங்களாக என் மனம் இதையே சுற்றி வருகிறது.

*

யார்க்ஷயரில் நான் போய்வந்த கடையைப் பற்றிக் கொஞ்சம். குறுகலான கடை. உள்ளே நுழைந்ததும் மெஷின் எண்ணெயும் பெயின்ட்டும் பழைய அட்டைப் பெட்டியும் கலந்த வாசனை. கண்ணாடிக் கவுண்டர் மேல் ஒரு முழ நீளத்துக்குத் தண்டவாளம் ஆணி அடித்து வைத்திருக்கும். பக்கத்தில் கன்ட்ரோலர். வாங்குகிற எஞ்சின் எதுவானாலும் அதில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டாமல் கடைக்காரர் பெட்டியை மூடமாட்டார். வீட்டுக்குப் போனதும் சுமை கட்டாமல் அரை மணி நேரம் இந்தப் பக்கம், அரை மணி நேரம் அந்தப் பக்கம் ஓடவிடுங்கள், அப்புறம்தான் பெட்டி மாட்டணும் என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

சுவர் நெடுகச் சிறு இழுப்பறைகள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட், கப்ளிங், சக்கரம், பல்பு, பிரஷ், ஸ்பிரிங். கடையின் உயிர் அந்த இழுப்பறைகளில்தான் இருந்தது.

*

உதாரணத்துக்கு, குட்டி ரயில் செய்த டிரையாங் கம்பெனியின் எக்ஸ் 04 மோட்டார். 1950களின் பிற்பகுதியில் வந்து, ஹார்ன்பி கம்பெனியின் எஞ்சின்களிலும் பல்லாண்டு ஓடியது. மேல்மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணெதிரே தெரியும்: காந்தம், கம்பிச் சுருள், செம்புக் கம்யூட்டேட்டர், அதன் இரு பக்கமும் கார்பன் பிரஷ். இரண்டு பிரஷ்ஷையும் அழுத்திப் பிடித்திருப்பது ஒரே ஒரு கம்பி ஸ்பிரிங். அதன் ஒரு காலில் மட்டும் அரிசி மணி அளவுக்கு ஓர் உறை இருக்கும். மின்சாரம் ஒரு பக்கத்துப் பிரஷ்ஷுக்கு எஞ்சினின் உடம்பு வழியாகவே வருகிறது. மறுபக்கத்துப் பிரஷ் உடம்பைத் தொடக் கூடாது. உறை கழன்று விழுந்தால் ஷார்ட், எஞ்சின் அசையாது.

வீட்டில் திறந்து பார்க்கிற பிள்ளைகள் தொலைப்பது எப்போதும் அந்த உறையைத்தான். அழாத குறையாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கடைக்காரர் மெல்லிய ஒயர் துண்டு ஒன்றை எடுத்து, உள்ளிருக்கும் கம்பியை உருவிவிட்டு, பிளாஸ்டிக் தோலை மட்டும் நறுக்கி ஸ்பிரிங் காலில் மாட்டுவார். கம்யூட்டேட்டரின் மூன்று பிளவுகளில் அடைந்த கரியைக் குச்சியால் சுரண்டி எடுப்பார். எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் கூடாது. பிறகு கவுண்டர் தண்டவாளத்தில் வைப்பார். ஓடும். "என்ன தப்புன்னு பாத்துக்கிட்டியா? அடுத்த தடவை நீயே செஞ்சுடணும்" என்பார். காசு வாங்கமாட்டார். அந்தப் பையன் அடுத்த சனிக்கிழமை ஒரு ஃபிஷ்பிளேட் பாக்கெட் வாங்க வருவான்.

அந்த வேலையைக் காணொளியில் பார்த்தும் கற்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கெட்டுப்போனது தன் கையில் இருக்கும்போது, அதே பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிற ஆள் தெருமுனையில் இருந்தாரே, அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

*

பிரிட்டிஷ் குட்டி ரயிலில் ஒரு பழைய கோணல் உண்டு. ஓஓ அளவில் எஞ்சினும் பெட்டியும் 1:76. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர் அகலம். அது 1:87 அளவுக்குப் பொருந்துவது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுங்கலானவை, அந்தக் கால மோட்டார் 1:87 உடம்புக்குள் அடங்கவில்லை, அதனால் உடம்பை மட்டும் பெரிதாக்கினார்கள். ஹார்ன்பி டப்ளோ 1938இல் இந்த அளவில் வந்தபின் நாடே இதில் நிலைத்துவிட்டது. எஞ்சின் தண்டவாளத்துக்கு மேல் சற்றுப் பிதுங்கி நிற்பதன் காரணம் இது. புதிதாக வருகிறவருக்கு இதைக் கவுண்டரில் நின்று விளக்கிக்கொண்டே, ஜெர்மன் பெட்டியையும் பிரிட்டிஷ் பெட்டியையும் அருகருகே வைத்துக் காட்டுவார்கள். பார்த்தவர் ஒருபோதும் மறக்கமாட்டார்.

*

1990 வாக்கில் பாக்மன் பிரிட்டிஷ் சந்தைக்குள் வந்தது. ஹாங்காங்கின் காடர் கம்பெனிக்குச் சொந்தமான பெயர் அது. 1990களின் நடுவில் ஹார்ன்பியும் மார்கேட் ஆலையிலிருந்து உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோகத் தொடங்கியது. அதன் பிறகு வந்த எஞ்சின்களின் வேலைப்பாட்டை என்னால் வியக்காமல் இருக்க முடிவதில்லை. முன்பு கைப்பிடிக் கம்பியை உடம்போடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். இப்போது தலைமுடிக் கனத்தில் தனிக் கம்பி. ஓட்டுநர் அறைக்குள் வால்வுகளுக்குச் சிவப்புப் பூச்சு. பூதக்கண்ணாடி வைத்தால் வாசிக்கக்கூடிய பெயர்ப்பலகை. உள்ளே டிஜிட்டல் சிப்பு, ஸ்பீக்கர், நீராவிச் சத்தம். சீனத் தொழிலாளிப் பெண்கள் கையால் மாட்டும் பாகங்கள் ஓர் எஞ்சினுக்கு எத்தனையோ. அந்த உழைப்புக்கான கூலி ஏறுவது நியாயம்தான்.

விலையும் ஏறியது. பெரிய நீராவி எஞ்சின் ஒன்று 200 பவுண்டைத் தாண்டுவது இப்போது வழக்கம். எல்லாக் காலத்திலும் கிடைக்கும் சரக்காகவும் அது இல்லை. ஆலையில் ஒரு தடவை ஒரு தொகுப்பு ஓட்டுவார்கள்; முன்பதிவு செய்தவர்களுக்குப் போய்ச்சேரும்; முடிந்தது. மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சின்னக் கடைக்காரர் வரப்போகும் எஞ்சின்களில் பத்து வகைக்கு முன்பணம் கட்டிவிட்டு, ஒன்றரை வருடம் காத்திருந்து, வந்ததும் இரண்டு விற்று எட்டை அலமாரியில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. அரிய வகையாக இருந்தால் நேர்மாறு: கேட்கிறவர் பத்துப் பேர், வருவது இரண்டு.

இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பது 2012 வாக்கில் தெரிந்தது. ஹார்ன்பியின் பெரும்பகுதி வேலையைச் செய்துகொடுத்த சீன ஆலை சாண்டா கான், போட்டியாளர் பாக்மனின் உரிமையாளரான காடர் கைக்குப் போயிருந்தது. ஹார்ன்பியின் புதுச் சரக்கு தாமதத்துக்கு மேல் தாமதம். வேறு ஆலைகளுக்கு அச்சுகளை மாற்றி மூச்சு விடுவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. கம்பெனி எப்படியோ தாக்குப்பிடித்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்தை நம்பியிருந்த கடைக்கு அந்தச் சில வருடங்களே போதும். மாடல்ஸோன் என்ற சங்கிலிக் கடைகளும் 2013இல் விழுந்தன.

*

மகன் சிறுவனாக இருந்தபோது அவன் சேர்த்த பத்துப் பவுண்டோடு அந்த யார்க்ஷயர்க் கடைக்குக் கூட்டிப்போனேன். நிலக்கரி வேகன் ஒன்றின் மேல் கண். "அப்பா, இது என் காசுக்கு வருமா?" வரவில்லை. வேகன் ஒன்றுக்கே 25 பவுண்டுக்கு மேல். மீதியை நான் போட்டுவிடலாம் என்றேன். அவனுக்கு அதில் விருப்பமில்லை. தன் காசில் வாங்கினால்தான் தன்னுடையது. கடைக்காரர் பழைய சரக்குப் பெட்டியிலிருந்து கப்ளிங் ஒடிந்த வேகன் ஒன்றைத் தேடி எடுத்து, அதற்குச் சேரும் கப்ளிங்கையும் இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்து, "இதை நீயே மாட்டிக்கோ, நாலு பவுண்டு" என்றார். மகன் இன்றும் வைத்திருக்கிறான்.

ஒரு பொழுதுபோக்கு தழைப்பது 200 பவுண்டு எஞ்சினால் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். நாலு பவுண்டுக்கு ஏதாவது கிடைக்கிற இடம் இருக்க வேண்டும். அந்த விலைக்குத் தபாலில் அனுப்பினால் தபால் செலவே பொருளைத் தின்றுவிடும்.

*

2022 அக்டோபரில் ஹார்ன்பி டிடி:120 என்ற புது அளவைக் கொண்டுவந்தது. 1:120, 12 மில்லிமீட்டர் தண்டவாளம். இன்றைய பிரிட்டிஷ் வீடுகளின் சிறிய அறைக்குப் பொருத்தமான, நல்ல யோசனை. ஆனால் தொடக்கத்தில் கடைகளுக்குக் கொடுக்கவில்லை. தன்னிடமே நேரடியாக வாங்கவேண்டும் என்றது. பிறகு கடைகளுக்கும் திறந்துவிட்டார்கள் என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை. புது அளவு என்றால் வாங்குகிறவருக்கு நூறு சந்தேகம். கையில் எடுத்து, தன் வீட்டு மேசையை நினைத்துப் பார்த்து, யாரிடமாவது கேட்டுத்தான் இறங்குவார். அந்தக் கேள்விக்கு இடமாக இருந்த கதவைத்தான் முதலில் சாத்தினார்கள்.

அதே வருடம் அதே அளவில் தண்டவாளம் கொண்டுவந்த இன்னொரு கம்பெனி பீகோ. 1946இல் சிட்னி பிரிட்சர்ட் தொடங்கியது, இப்போது இருப்பது டெவனின் கடலோரக் கிராமமான பியரில். இன்றைக்கும் தண்டவாளத்தை உள்நாட்டிலேயே செய்கிறார்கள். உங்கள் ஊர்க் கடையில் வாங்குங்கள் என்று தங்கள் விளம்பரத்திலேயே போடுகிறார்கள். மிச்சமிருக்கும் கடைகளில் பலவற்றுக்குத் தண்டவாளமும் தடம் மாற்றும் பாயின்ட்டும்தான் வாடகை கட்டுகின்றன, எஞ்சின் அல்ல.

*

மூடுவது பிரிட்டனில் மட்டுமல்ல. அமெரிக்காவில் டென்வரின் கபூஸ் ஹாபீஸ் 1938இல் தொடங்கி 2016இல் மூடியது. உலகிலேயே பெரிய ரயில் கடை என்று சொல்லிக்கொண்ட இடம். மூடுகிற செய்தி கேட்டு ஆட்கள் விடைபெற வந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் சேர்ந்து பக்கத்து ஊரில் சிறியதாக ஒன்று திறந்தார்கள். அளவைக் குறைத்துப் பிழைப்பது நடக்கக்கூடியதே.

*

ஜப்பான் வேறு வழி கண்டது. வீடு சிறியது, 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ‘என்’ (N) அளவு ரயிலுக்கே தரையில் இடம் கிடைக்காது. அதனால் கடையிலேயே மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் வைத்துப் பெரிய லேஅவுட் கட்டி மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். அலுவலகம் முடிந்து வருகிறவர் பையிலிருந்து தன் ரயிலை எடுத்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் போகிறார். ஓட்டுவதற்கு வந்தவர் ஏதாவது வாங்காமல் போவதில்லை. பிரிட்டனில் ஓட்டுவதைக் கிளப் பார்த்துக்கொண்டது, விற்பதைக் கடை பார்த்துக்கொண்டது. இரண்டும் மெலியும்போது ஒரே கூரைக்குக் கீழ் சேர்த்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. காலி அறை இல்லாத கிளப்பும் உண்டு, வாடிக்கை இல்லாத கடையும் உண்டு.

*

கடை செய்துவந்த இன்னொரு வேலையும் உண்டு. ஒருவர் இறந்தபின் அவருடைய மேல்மாடிப் பரணில் இருக்கும் ரயில்களை என்ன செய்வது? குடும்பத்துக்கு எது என்னவென்று தெரியாது. முன்பு கடைக்காரர் வீட்டுக்கே போவார். பெட்டியோடு இருக்கும் டப்ளோ எஞ்சினைத் தனியே வைத்து, இதற்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும், என்னிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்கிற நேர்மை அவரிடம் இருந்தது. மிச்சத்தை மொத்தமாக எடுத்து, பழுது பார்த்து, பழைய சரக்குப் பெட்டியில் போடுவார். மகன் வாங்கிய வேகன் அப்படி வந்ததுதான்.

கடை இல்லாத ஊர்களில் அந்த வேலையைப் பழைய நீராவி ரயில்களைப் பாதுகாக்கும் சங்கங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அவர்களுடைய ஸ்டேஷன்களில் ஒரு மூலையில் பழைய மாடல்கள் விற்கிறார்கள். தொண்டர்கள் ஓட்டிப் பார்த்து, ஓடும், ஓடாது என்று சீட்டு ஒட்டி வைக்கிறார்கள். நன்கொடையாக வந்த சரக்கு என்பதால் விலை குறைவு, பிள்ளைகளின் காசுக்கு எட்டும். வருகிற பணம் நிஜ எஞ்சினின் பராமரிப்புக்குப் போகிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை பாய்லரைக் கழற்றிச் செப்பனிட வேண்டியிருக்கும். செலவு லட்சக்கணக்கான பவுண்டு வரை போகும். குட்டி எஞ்சின் பெரிய எஞ்சினுக்குச் சோறு போடுகிறது என்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் அங்கே புதுத் தண்டவாளம் கிடைக்காது, பாயின்ட் மோட்டார் கிடைக்காது, வாரநாளில் போனால் பூட்டியிருக்கும். ஃபிஷ்பிளேட் பாக்கெட் ஒன்று வேண்டுமென்றால் எங்கள் ஊரிலிருந்து அடுத்த கடை பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.