கம்பெனி கேட்காத கேள்விகள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது, கத்தி வைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றி லிடோகைன் ஊசி போட்டால் என்ன ஆகும்? பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே மரப்பு மருந்துதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 11 மையங்களில் 1600 பெண்களைச் சேர்த்தது. சேர்த்து முடிக்கவே பத்தாண்டு ஆயிற்று. 2023இல் முடிவு வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தவர்கள் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4. நூறு பெண்களில் ஏறத்தாழ நான்கு பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள், நூறு ரூபாய்க்குள் அடங்கும் ஒரு மருந்தால்.

இந்தக் கேள்வியை எந்த மருந்துக் கம்பெனியும் கேட்டிருக்காது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மருந்தில் அவர்களுக்கு வரும்படி இல்லை. பழைய மருந்தைப் புது நோய்க்குத் தரலாமா, விலை உயர்ந்த மருந்தைப் பாதி அளவில் கொடுத்தால் போதுமா, ஆறு மாதச் சிகிச்சையை நான்கு மாதமாகக் குறைக்கலாமா போன்ற கேள்விகளை மருத்துவக் கல்லூரிகளும் அரசு ஆராய்ச்சி நிறுவனங்களும்தான் கேட்க முடியும். அப்படிப்பட்ட ஆய்வுகளில் கோஆர்டினேட்டராக இருப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனி ட்ரையல்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வேலையில் கடினமானது கன்சென்ட். கையெழுத்து வாங்க ஒரு நிமிடம் போதும், புரியவைக்கத்தான் நேரம் வேண்டும். அதிலும், எந்த மருந்து யாருக்கு என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை, கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடுகிறது என்பதைச் சொல்லும் இடத்தில் பெரும்பாலானவர்கள் முகம் சுருங்கிவிடும். ஒரு முறை ஒரு பெரியவரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“குலுக்கல்ல எல்லாம் விட வேணாம் மேடம். பெரிய டாக்டர் எது நல்லதுன்னு சொல்றாரோ, அதையே எங்கப்பாவுக்குக் குடுத்துருங்க.”

“எது நல்லதுன்னு பெரிய டாக்டருக்கே இன்னும் தெரியலம்மா. ரெண்டுமே இந்த வார்டுல வழக்கமா குடுக்கிற மருந்துதான். ஒரு டாக்டர் இத எழுதுவாரு, இன்னொருத்தர் அத எழுதுவாரு. அவங்களா பாத்துக் குடுத்தா தெம்பா இருக்கிறவங்களுக்கு ஒண்ணு, ரொம்ப முடியாதவங்களுக்கு இன்னொண்ணுன்னு போயிரும். அப்புறம் கேட்டது மருந்தா, ஆளோட தெம்பான்னு சொல்ல முடியாது.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். “சேரலைன்னா வைத்தியம் பாக்க மாட்டீங்களா?”

“சேராட்டியும் இதே கட்டில், இதே டாக்டர்தான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது என் பழக்கம். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒருவர் கட்டில் ஓரம் நிற்கும்வரை, அரசு மருத்துவமனைக்கு வந்த குடும்பத்துக்கு “வேண்டாம்” என்று சொல்ல வாய் வராது. அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு விளக்கத்தையும் உடனிருந்து கேட்டுக் கையெழுத்திட்ட பிறகே கைநாட்டு. நேரமில்லாத ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அது சடங்காகிவிடும். காலையில் புறநோயாளிகளைப் பார்த்து, மதியம் மாணவர்களுக்கு வகுப்பெடுத்து, இரவு டியூட்டியும் பார்க்கிற பட்டமேற்படிப்பு மாணவரிடம்தான் பல இடங்களில் இதைக் கொடுக்கிறோம். அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி ட்ரையலில் மருந்து பெட்டியாக வந்து இறங்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் எண் ஒட்டியிருக்கும், வழியில் எத்தனை டிகிரி வெப்பத்தில் இருந்தது என்று சொல்லும் கருவியும் உள்ளேயே இருக்கும். எங்கள் ஆய்வுக்கு ப்ளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி மாத்திரை, வேண்டுமானால் நாங்களே தயாரிப்பாளரைத் தேட வேண்டும். அசல் மாத்திரையின் நிறமும் அளவும் அச்சாக அமைய வேண்டும். உரிமம் பெற்ற தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் மாத்திரை அடிப்பவை. சில ஆயிரத்துக்காக இயந்திரத்தை நிறுத்திக் கழுவி மாற்ற அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ப்ளாசிபோ கிடைக்காமலே, யாருக்கு எது என்று எல்லாருக்கும் தெரிகிற ஆய்வாக மாற்றப்பட்ட நல்ல திட்டங்கள் உண்டு. இருப்பு வைக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பொங்கல் விடுமுறையிலும் யாராவது வந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கொடுத்தது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று மாத்திரைக் கணக்கும் ஒன்றுகூடப் பிசகாமல் நிற்க வேண்டும்.

அதற்கப்புறம் ஃபாலோ-அப். ஆய்வின் உயிர் இங்கேதான். எந்தத் தரப்பிலிருந்து எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்பது முடிவையே புரட்டிவிடும். கொடுத்த போன் நம்பர் பக்கத்து வீட்டுப் பையனுடையதாக இருக்கும். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பான். முகவரியில் “மாரியம்மன் கோயில் பின்புறம்” என்று மட்டும் இருக்கும். அதனால் சேர்க்கும் நாளிலேயே மூன்று பேருடைய எண்களை வாங்கி வைப்பேன், அவற்றில் ஒன்று ஊர் மளிகைக் கடைக்காரருடையதாக இருந்தால் நிம்மதி.

இந்தக் கலையை எங்களுக்கெல்லாம் முன்பே இதே மண்ணில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறுபாதிக்கு வீட்டிலேயே மருந்து. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன, வீட்டிலோ நெருக்கடியும் அரைவயிறும்தான். ஆனால் 1959இல் முடிவு வந்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலக் குணமாகியிருந்தன. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் முடிவைத்தான் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அது நடந்த விதம். சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்று பார்க்கச் சிறுநீரைச் சோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். அந்த மையம் முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் தொடங்கியது. கலைத்துவிடாமல் ஐ.சி.எம்.ஆர். அதை நிரந்தர நிறுவனமாக்கியது. இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு மாதாமாதம் 10 கிலோ உணவுப் பொட்டலமும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் கூடுதல் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் அதற்குப் பங்கு உண்டு. நல்ல சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023இல் தெரியவந்தது. அரிசியையும் பருப்பையும் சோதிக்க எந்தக் கம்பெனி வரும்?

ஆனால் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வு நடப்பது கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதுபோலத்தான். பணம் வந்ததும் ஆள் எடுக்கிறோம், பயிற்சி கொடுக்கிறோம், மூன்றாண்டில் பணம் முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். ஒப்பந்தச் சம்பளத்தில் வந்த பிள்ளைகள் வேலையைக் கற்றுத் தேறும் நேரத்தில், அடுத்த திட்டம் எப்போது என்று நம்மால் சொல்ல முடியாததால், கம்பெனி ட்ரையல் பார்க்கும் நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த பேராசிரியர் அடுத்த கேள்வியோடு வரும்போது எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பம் எப்படி எழுதுவது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

பிரிட்டன் இந்த விஷயத்தில் வேறு வழியில் போனது. 2006 முதல் அங்கே அரசுப் பணத்தில் தேசிய அளவில் ஒரு மருத்துவ ஆய்வு வலைப்பின்னல் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ஆய்வு நர்சுகள் அதன் சம்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே வார்டில் இருந்தார்கள். ‘ரிகவரி’ ஆய்வு சில நாட்களில் எழுதப்பட்டு அந்த மாதமே முதல் நோயாளியைச் சேர்த்தது. ஜூன் 16ஆம் தேதி, டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று அறிவித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிற, சில ரூபாய் விலையுள்ள மருந்து அது.

நமக்கும் முடியும் என்பதற்கு அதே ஆண்டே சாட்சி. கோவிட்டிலிருந்து குணமானவர்களின் பிளாஸ்மாவுக்காகக் குடும்பங்கள் ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தபோது, ஐ.சி.எம்.ஆர். ‘பிளாசிட்’ ஆய்வை 39 மருத்துவமனைகளில் நடத்தி, ஏப்ரல் முதல் ஜூலைக்குள் 464 பேரைச் சேர்த்தது. பிளாஸ்மாவால் நோய் முற்றுவதோ இறப்போ குறையவில்லை என்று முடிவு வந்தது. 2021 மே மாதம் அது தேசியச் சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. ஏன் அத்தனை மாதம் தாமதம் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் ஒரு வீண் அலைச்சலை நிறுத்தியதில் நம் ஆய்வுக்கும் பங்கு உண்டு. பக்கவாத ஆய்வுக்கான தேசிய வலைப்பின்னல் ‘ஸ்பிரின்ட் இந்தியா’ ஆய்வில் 31 மையங்களில் 4298 பேரைச் சேர்த்தது. 12 மொழிகளில் குறுஞ்செய்தியும் வீடியோவும் அனுப்பியும் மறுபடி பக்கவாதம் வருவது குறையவில்லை. இந்த முடிவை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. அந்த மையங்களுக்கு இப்போது ஒன்றாக வேலை பார்க்கத் தெரியும், அடுத்த கேள்விக்கு அவர்கள் தயார்.

சட்டமும் ஓரளவு வழி விட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தைப் புது நோய்க்கோ புது அளவிலோ வணிக நோக்கமின்றிச் சோதித்தால் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் போதும், டெல்லியிலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேடாக 2007இல் தொடங்கிய சி.டி.ஆர்.ஐ. இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே அதில் பதிந்தாக வேண்டும். பிடிக்காத முடிவு வந்தால் கேள்வியையே மாற்றி எழுதும் பழக்கத்துக்கு அது போட்ட பூட்டு மிகச் சரியானது. ஆனால் நோயாளிக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பணம் என்று கேட்டால், பல கல்லூரிகளில் இன்னும் தெளிவான பதில் இல்லை. கம்பெனிக்குக் காப்பீடு இருக்கிறது. கல்லூரிதான் ஸ்பான்சர் என்றால் அந்தப் பொறுப்பும் கல்லூரி தலையில். இதற்கு மாநில அளவில் ஒரே நிதி வேண்டும். ஒவ்வொரு பேராசிரியரும் தனித்தனியாகக் காப்பீட்டு அலுவலகங்களுக்கு நடப்பது சரியல்ல.

மற்றது ஆள். அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் மத்திய அரசின் பல்துறை ஆய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின் பணியிடங்கள் பெரும்பாலும் ஆய்வகத்துக்கானவை. நோயாளியிடம் பேசுபவருக்கும் மருந்துக் கணக்கு வைப்பவருக்கும் அங்கே இடமில்லை. கட்டடத்தையும் கருவிகளையும் விட இவர்களுக்கான சம்பளம் குறைந்த செலவுதான். நல்வாழ்வுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் இரண்டு ஆய்வு ஒருங்கிணைப்பாளர், ஒரு மருந்தாளுநர், ஒரு தரவு மேலாளர் என நான்கு பணியிடங்களை, எந்த ஆய்வு நிதியையும் சாராமல், மருத்துவமனையின் நிரந்தரச் சம்பளப் பட்டியலிலேயே உருவாக்குங்கள்.